கணக்கு முடிக்க எத்தனை வருஷம்?



கடைக்கு வந்தவர், "அண்ணாச்சி, மீதிச் சில்லறை குறையுதே" என்றால் நாம் என்ன செய்கிறோம்? அவர் கண்ணெதிரே மறுபடி எண்ணிக் கொடுக்கிறோம். "மூன்று வருஷம் கழித்து வாருங்கள், எண்ணிப் பார்க்கலாம்" என்று சொன்னால் அந்தத் தெருவில் அப்புறம் கடை நடத்த முடியுமா?

சட்டசபைத் தேர்தல் ஒன்றில் அப்படித்தான் நடந்தது. 2016-ல் திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவித்தார்கள். தோற்ற தி.மு.க. வேட்பாளர் அப்பாவு வழக்குப் போட்டார். சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியர்கள் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர்கள் அல்ல என்று கூறி 203 தபால் வாக்குகளைத் தள்ளிவிட்டார்கள் என்பது அவர் முறையீடு. வித்தியாசமே 49 என்னும்போது 203 சிறிய எண்ணிக்கையா?

அந்தத் தபால் வாக்குகளையும், கடைசி மூன்று சுற்று இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ணும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2019 அக்டோபரில் உத்தரவிட்டது. எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. சபையின் ஐந்தாண்டுக் காலம் முடிகிற வரை அந்தக் கணக்கு வெளிவரவே இல்லை. 2021-ல் அதே தொகுதியில் அப்பாவு வென்று சபாநாயகரும் ஆனார். எந்தக் கட்சிக்கும் பரிந்து இதை எழுதவில்லை. வென்றவர் நியாயமாகவே வென்றிருந்தாலும், ஐந்து வருஷம் சந்தேகத்தைச் சுமந்தபடி உட்கார்ந்தது அவருக்கும் நஷ்டம்தானே?

சட்டம் என்ன சொல்கிறது? தேர்தல் நடக்கும்போது நடுவில் புகுந்து நீதிமன்றம் நிறுத்தாது. முடிவு வந்த பிறகே வழக்கு. நமது நாமக்கல் தொகுதியில் ஒருவரின் வேட்புமனுவைத் தள்ளியதால் எழுந்த வழக்கில்தான் 1952-ல் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. முடிவு வந்து 45 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். 2,000 ரூபாய் காப்புத் தொகை கட்ட வேண்டும். "எனக்குச் சந்தேகம்" என்றால் போதாது. எங்கே, எப்படித் தவறு நடந்தது என்று விவரம் தர வேண்டும். இதுவும் நியாயமே. போன மாதம் வாங்கிய பருப்பு எடை குறைவு என்று இன்று வந்து சும்மா சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

நீதிமன்றமும் ஆறு மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. மனுதாரருக்கு 45-வது நாளோடு கதவு அடைபடுகிறது. ஆறு மாதம் தாண்டினால் நீதிமன்றத்துக்கோ ஒன்றும் ஆவதில்லை. கோளாறு இங்கேதான்.

இது புதிதும் அல்ல. 1971-ல் ரேபரேலியில் இந்திரா காந்தி லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். அரசு ஊழியரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தினார் என்பது போன்ற காரணங்களைக் காட்டி ராஜ் நாராயண் வழக்குப் போட்டார். தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1975 ஜூன் 12-ல். நாலு வருஷம்! அந்த மாதமே நெருக்கடி நிலை வந்தது. சட்டத்தையும் முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லும் என்றது. பிரதமர் தேர்தலை நீதிமன்றம் தொடவே கூடாது என்று போட்ட விதியை மட்டும் தள்ளிவிட்டது. எடை குறைந்ததும் எடைக்கல்லை மாற்றிய கதைதான்.

பெரிய இடத்துக் கதை நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். நாம் வெல்ல மண்டி தொடங்கிய காலத்தில் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தில், பொருளாளர் தேர்தலில் மூன்று வாக்கில் ஒருவர் தோற்றார். மறுபடி எண்ணச் சொன்னார். "பெரியவர்கள் சொன்னால் சொன்னதுதான்" என்று மறுத்துவிட்டார்கள். எண்ண வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நாமும் ஒருவர். அவர் கோர்ட்டுக்குப் போனார். தடையுத்தரவு வந்தது. பாங்கியில் பணம் எடுக்கக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு சிறிய மளிகைக் கடை தீப்பிடித்து எரிந்தது. சங்கத்தில் நிதி இருந்தும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பைசா கொடுக்க முடியவில்லை. வழக்கு முடிவதற்குள் அவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். அரைமணி நேரம் செலவழித்து அன்றே எண்ணியிருக்கலாம். இன்றைக்கும் நம் மனசு உறுத்துகிறது.

ஆகவே நமது சங்கங்களில் தேர்தல் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். வாக்குகளை இரு தரப்பார் முன்னிலையில் எண்ணுங்கள். தள்ளிய வாக்குகளைக் காரணம் எழுதித் தனியே கட்டி வையுங்கள். குறை இருந்தால் அன்றைக்கே எழுத்து மூலம் வாங்கி, மறுநாளைக்குள் மறுபடி எண்ணி முடியுங்கள். தோற்றவர் கணக்குக் கேட்பது அவமரியாதை அல்ல. ஜெயித்தவரும் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

பேரேட்டில் இருப்பு சரியாக இருந்தால் யார் வந்து பார்த்தால் என்ன?