பள்ளி நாளில் நெடுங் கடற்பயணம்

பள்ளி நடைபெறும் காலத்தில் பிள்ளையை நெடுங் கடற்பயணத்திற்கு அழைத்துச் செல்லலாமா என்னும் கேள்வி, இப்பொழுது தலைமையாசிரியர்களின் மேசைக்கு வரத் தொடங்கியிருக்கிறது. மூன்று நாள், நான்கு நாள் கப்பல் உலா எளிய குடும்பத்தார் சிலர்க்கும் எட்டுவதாகிவிட்டது. அது பள்ளி விடுமுறைக்குள் அடங்கிவிடும், அதனால் தொல்லையில்லை. தொல்லை நெடும்பயணத்தில்தான் உள்ளது. உலகைச் சுற்றிவரும் கப்பல்கள் பெரும்பாலும் ஜனவரியிற் புறப்பட்டு, 100 நாள் முதல் 130 நாள் வரை கடலில் உலவுகின்றன. சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு ஜனவரியிலேயே தொடங்குகிறது. மலேசியாவிலும் 2026 முதல் மீண்டும் அவ்வாறே. ஆகவே அக்கப்பலில் ஏறும் பிள்ளை, புது வகுப்பின் முதல் நாள் தொட்டு, ஆண்டில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினை இழந்துவிடுகிறது.

பெற்றோர் கூறும் நியாயம் ஒன்றே: உலகத்தைக் காண்பதைவிடப் பெரிய பள்ளி வேறு உண்டோ? ஆசிரியர் காட்டும் மறுப்பும் ஒன்றே: வருகைப் பதிவேடு. இரண்டிலும் பாதி உண்மையே உள்ளது. கப்பல் பள்ளியாகுமா என்பதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. அஃது ஆகியிருக்கிறது, அதுவும் மலாயாத் தமிழர் நன்கறிந்த ஒரு நிறுவனத்தின் கப்பல்களில்.

ஒரே நிறுவனம், இருவகைப் பிள்ளைகள்

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் என்றதும் இந்நாட்டு முதியோர்க்கு நினைவில் எழுவது ‘ரஜூலா’. கிளாஸ்கோ நகரின் பார்க்ளே கர்ல் கப்பற் பட்டறையில் 1926-இல் உருவான அக்கப்பல், போர்க்காலம் நீங்கலாக, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்னும் வழியில் 1973 வரை ஓடியது. தொடக்கத்தில் 5000-க்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. பாயை விரித்த இடமே வீடு. தகரப் பெட்டியே சுவர்.

அந்நிறுவனமே 1930-களில் தன் படைக் கப்பல்களில் பிரிட்டிஷ் பள்ளிச் சிறுவரை ஏற்றிக்கொண்டு வடகடற் பக்கம் சென்று வந்தது. போருக்குப் பின்னர் இம்முயற்சி பெருமளவில் உயிர்பெற்றது. 1961-இல் ‘துனேரா’, 1962-இல் ‘டெவோனியா’, 1965-இல் ‘நெவாசா’, 1968-இல் ‘உகண்டா’ எனக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கடற்பள்ளிகளாயின. முதல் மூன்றும் படையினரை ஏற்றிச் செல்லக் கட்டப்பட்டவை. படைகளை வானூர்தியில் அனுப்பும் வழக்கம் வந்ததும் வேலையற்று நின்றவை. கல்வியார்வம் மட்டுமே இம்முயற்சிக்குக் காரணம் என்று கருதிவிட வேண்டா. ‘உகண்டா’வோ ‘ரஜூலா’ பிறந்த அதே பட்டறையில் 1952-இல் கட்டப்பட்ட பயணிகள் கப்பல். அது மாற்றியமைக்கப்பட்ட பின் ஒரு தடவைக்கு 900-க்கு மேற்பட்ட மாணவரை ஏற்றிச் சென்றது.

இக்கப்பல்களின் நடைமுறையை ஆசிரியர்கள் ஊன்றிப் பார்த்தல் நலம். பயணம் இரு வார அளவினது. பள்ளித் தவணைக் காலத்திலும் நடைபெற்றது. பள்ளிகள் தத்தம் மாணவரைக் குழுவாக அனுப்பின. குழுவுடன் அப்பள்ளி ஆசிரியரும் சென்றார். கப்பலிலேயே வகுப்பறைகளும், எல்லாரும் கூடும் பேரவைக் கூடமும், அடுக்குக் கட்டில்கள் அமைந்த படுக்கைக் கூடங்களும் இருந்தன. கல்விப் பொறுப்புக்கெனத் தனி இயக்குநர் ஒருவர் இருந்தார். கடலில் செல்லும் நாட்களில் வகுப்பும், அடுத்து அணையப்போகும் துறைமுகத்தைப் பற்றிய விளக்கவுரையும், தள விளையாட்டும் முறைவைத்து நடந்தன. மாணவன் ஒவ்வொருவனும் பயணக் குறிப்பேடு எழுதினான். ஏதன்சு நகரில் இறங்கும் சிறுவன், தான் எதைக் காணப்போகிறான் என்பதை முன்பே கேட்டறிந்து இறங்கினான். கண்டதை அன்றே எழுதினான்.

இரண்டு வாரம், உடன் ஆசிரியர், முன்னே பாடம், பின்னே எழுத்து. இந்நான்கும் கூடியதனால்தான் கப்பல் பள்ளியாயிற்று. 1982 ஏப்ரலில் பாக்லாந்துப் போருக்காக ‘உகண்டா’ எடுத்துக்கொள்ளப்பட்டபோது, அதிலிருந்த மாணவரை நேப்பிள்சு துறைமுகத்தில் இறக்கிவிட்டு அது மருத்துவமனைக் கப்பலாக மாறியது. அதன் பின்னர் இக்கடற்பள்ளி நெடுநாள் நீடிக்கவில்லை.

அதே ஆண்டுகளில் ‘ரஜூலா’வின் தளத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளின் நிலை என்ன? தோட்டத்துத் தொழிலாளி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் சென்று வருவார். கடலில் போக ஏறக்குறைய ஒரு வாரம், வர ஒரு வாரம். ஊரில் சில மாதம். பள்ளித் தவணை பார்த்து யாரும் பயணச்சீட்டு எடுத்ததில்லை. கலியாணமும் காரியமும் தவணை பார்த்தா வருகின்றன? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பள்ளிக்கு வரும் பிள்ளையைத் தொடர்ந்து இருத்தும் வழியோ தோட்டத்தின் கையில் இல்லை. ஊருக்குப் போன பிள்ளை சில வேளை அங்குள்ள பள்ளியில் அமர்ந்துவிட்டு வரும். தோட்டப் பள்ளிகளின் பாடநூல்களும் அப்போது பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தமையால் இழப்பு ஓரளவு குறைந்தது. அங்கும் அமராத பிள்ளை, திரும்பி வந்து விட்ட வகுப்பிலேயே மீண்டும் உட்கார்ந்ததுண்டு. ஒரே கட்டுத்துறையிற் பிறந்த இரு கப்பல்களில் ஒன்று வகுப்பறையைச் சுமந்தது. மற்றொன்றுக்கு அது தோன்றவேயில்லை. வேற்றுமை கடலில் இல்லை.

கடல் கற்பிப்பன

இக்காலத்து உல்லாசக் கப்பல், ‘உகண்டா’வைப் போன்றதன்று. பிள்ளைகளுக்கென விளையாட்டு மன்றம் இருக்கும், நீச்சற்குளம் இருக்கும், பள்ளி இராது. கற்பிப்பவர் பெற்றோராகவே இருத்தல் வேண்டும். கற்பிக்க முற்படுவார்க்குக் கடல் வைத்திருக்கும் பாடங்களோ மிக உயர்ந்தவை. ஒன்றிரண்டைக் காட்டுவோம்.

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகின்றதோ, ஏறக்குறைய அதுவே பார்ப்பவர் நிற்கும் இடத்தின் அட்சரேகை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்றே மேலாதலின், அங்கு அந்த நட்சத்திரம் அடிவானத்து மங்கலில் மறைந்தே போகிறது. பினாங்கில் அது 5 பாகைக்குச் சற்று மேல்; நாகப்பட்டினத்தில் 11 பாகையை ஒட்டியது. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. எனவே வங்கக் கடலைக் கடந்து நாகையை அணுகும் பிள்ளை, சிங்கப்பூரில் காணாத துருவனைத் தன் கைம்முட்டி ஒன்றின் உயரத்திற் காணலாம். பூமி உருண்டை என்பதைப் படத்திற் காட்டி ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும், இரவுதோறும் ஒரு நட்சத்திரம் சிறிது சிறிதாக மேலேறுவதைப் பிள்ளை தானே அளப்பதற்கும் எவ்வளவு தூரம்!

கடிகாரப் பாடம் இதனினும் சுவையானது. பூமி 24 மணியில் 360 பாகை சுழல்வதால், ஒரு பாகைக்கு 4 நிமிடம். சிங்கப்பூருக்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே தீர்க்கரேகை வேறுபாடு ஏறக்குறைய 24 பாகை. நான்கால் பெருக்க 96 நிமிடம். அஃதாவது சூரியன் நாகையில் 1 மணி 36 நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகிறான். கடிகாரமோ இரண்டரை மணி வேறுபாடு காட்டுகிறது! எஞ்சிய 54 நிமிடம் எங்கிருந்து வந்தது? ‘ரஜூலா’ போருக்குப் பின் ஓடிய காலத்தில் வேறுபாடு இரண்டு மணியே. 1982 ஜனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கின் நேரத்தோடு ஒத்துப்போகத் தன் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளியது. சிங்கப்பூரும் உடன் தள்ளியது. இங்குக் காலை ஏழு மணியளவில்தான் பொழுது விடிவதன் காரணமும் இதுவே. சூரியன் தரும் நேரம் ஒன்று, அரசு வகுக்கும் நேரம் வேறொன்று என்பதைக் கப்பலில் கடிகாரம் திருத்தும் நாளில் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளக்கிவிடலாம்.

கப்பலின் வேகக் கணக்கும் எளியது: கடல் மைல் 1852 மீட்டர், மணிக்கு 20 கடல் மைல் என்றால் ஒரு நாளில் 480 கடல் மைல், ஏறக்குறைய 889 கிலோமீட்டர்.

கடல் கற்பியாதன

இவையெல்லாம் இருந்தும், நெடும்பயணம் சென்ற பிள்ளை வகுப்பில் ஏன் தடுமாறுகிறது? பாடங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. வரலாற்றிலோ நிலநூலிலோ ஒரு பாடம் விட்டால் ஒரு பாடமே போகும். பின்னொரு நாள் படித்துக்கொள்ளலாம். கணக்கு அவ்வாறன்று. பின்னத்தைத் தவறவிட்ட பிள்ளைக்குத் தசமம் விளங்காது; தசமம் விளங்காதார்க்கு விழுக்காடு வெறும் குறியே. பதினான்கு வாரத்தில் வகுப்பு இரண்டு மூன்று படி ஏறிவிடும். திரும்பி வந்த பிள்ளை தான் எந்தப் படியில் விட்டது என்பதை அறியாமல், எல்லாமே கடினம் என்று எண்ணிக்கொள்கிறது. தனக்குக் கணக்கு வராது என்னும் நினைப்பு பல பிள்ளைகளிடம் இத்தகைய இடைவெளியில்தான் முளைக்கிறது.

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைக்கு மற்றொன்றும் உண்டு. முதலாம் ஆண்டில் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு நாள்தோறும் பழக்கம் வேண்டும். உயிர்மெய் 216-உம் கண்ணுக்கும் நாவுக்கும் பழகும் தறுவாயில் நூறு நாள் விட்டால், கொம்பும் காலும் மீண்டும் குழம்பும். கப்பலில் ஆங்கிலம் காதில் விழும். தமிழ் எழுத்தோ பெற்றோர் எடுத்துச் சென்ற நூலன்றி எங்கும் கண்ணிற் படாது. ஆகையால் முதல் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளைப் பள்ளி நாளில் நெடும்பயணம் அழைத்துச் செல்லாமையே நன்று. சின்னஞ்சிறு பிள்ளைக்கு என்ன பாடம் போய்விடும் என்று பெற்றோர் கேட்பதுண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. மலேசியாவில் 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பின், தொடக்கப் பள்ளியில் எந்த ஆண்டு விட்டாலும் இழப்பில்லை என்னும் எண்ணமும் பரவி வருகிறது. தேர்வு போனதே தவிரப் பின்னம் போகவில்லை.

சட்டம் இதனை வேறொரு கோணத்தில் நோக்குகிறது. மலேசியாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து முடிவுவரை வைத்திராத பெற்றோர்க்கு 5000 வெள்ளி வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சிங்கப்பூரிலும் கட்டாயக் கல்விச் சட்டம் அவ்வாண்டே நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 2015 ஏப்ரலில் ஒரு தந்தை, பள்ளி இசைவு மறுத்தும், மகளை 7 பள்ளி நாள் விடுப்பெடுக்கச் செய்து புளோரிடாவுக்கு அழைத்துச் சென்றார். 60 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் கட்டாமையால் அது 120 ஆயிற்று. மகளின் வருகை 90 விழுக்காட்டிற்கு மேல் இருப்பதால் அவள் ஒழுங்காகப் பள்ளி செல்பவளே என்று அவர் வாதாடி, கீழ் மன்றங்களில் வென்றார். 2017 ஏப்ரல் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது: ஒழுங்கான வருகை என்பது பள்ளி விதித்த முறைப்படி வருவதே. அத்தீர்ப்பு கூறிய காரணங்களுள் ஒன்று ஆசிரியர்கள் நாள்தோறும் காண்பது. விடுப்பெடுத்த பிள்ளைக்கு மட்டுமன்றி, வகுப்பின் மற்றப் பிள்ளைகளின் படிப்புக்கும் அது தடையாகிறது. ஆறேழு பேர் மட்டுமே உள்ள தோட்டப் பள்ளி வகுப்பில் ஒருவன் திரும்பி வந்தாலும் ஆசிரியர் பாடத்தை நிறுத்திப் பின்னோக்கிச் செல்லவேண்டியிருக்கும்.

ஆயினும், சில குடும்பங்கள் போகத்தான் போகின்றன. தந்தையின் பணி ஓய்வு, பாட்டியின் நெடுநாள் ஆசை, இனி வாய்க்காத நல்வாய்ப்பு எனக் காரணங்கள் பல. மறுப்புக் கடிதம் எழுதி ஒதுங்கிக்கொள்வதால் பிள்ளைக்கு நன்மையில்லை. புறப்படுமுன் வகுப்பாசிரியர் அந்தப் பதினான்கு வாரத்திற்குரிய கணக்குப் பாடங்களை மட்டும் வரிசைப்படுத்தித் தரலாம், மற்றவை காத்திருக்கும். காலையில் இரண்டு மணி நேரம், துறைமுகம் அணையாத நாள் தவறாமல், பெற்றோரில் ஒருவர் உடன் அமர வேண்டும். மாலையில் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு. இதற்கு ஒப்பாத பெற்றோரிடம், பயணத்தைப் பள்ளி விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுமாறு தலைமையாசிரியர் தயங்காமல் கூறலாம். பிள்ளை திரும்பிய முதல் வாரத்தில் ஆசிரியர் அக்கணக்குகளில் ஒரு சிறு சோதனை வைத்து, எந்தப் படியில் நிற்கிறது என்று காண வேண்டும். பிறகு அந்தக் குறிப்பேட்டை வகுப்பில் வாசிக்கச் சொல்லலாம். தோட்டத்தை விட்டு வெளியே போகாத பிள்ளைகளும் அன்றிரவு வடக்குப் பக்கம் திரும்பி, துருவன் தெரிகிறானா என்று தேடுவார்கள்.