சாதாரண நாளில் வேலை, அவசரத்தில் ராணுவம்: ‘டெரிட்டோரியல் ஆர்மி’ என்றால் என்ன? யார் சேரலாம்?

2024 ஆகஸ்ட். வயநாடு நிலச்சரிவில் சிதைந்துபோன பகுதிக்கு நடிகர் மோகன்லால் ராணுவ உடையில் வந்தார். அது சினிமா கெட்டப் இல்லை. 2009 முதல் அவர் 122-வது காலாட்படை பட்டாலியனின் கௌரவ லெப்டினன்ட் கர்னல். நிலச்சரிவு நடந்ததும் மீட்புக்கு அனுப்பப்பட்ட ராணுவப் பிரிவுகளில் இந்த பட்டாலியனும் ஒன்று.

இது வழக்கமான ராணுவப் பிரிவு அல்ல. இதன் பெயர் டெரிட்டோரியல் ஆர்மி. தமிழில் பிராந்திய ராணுவம் என்பார்கள். அப்படியென்றால் கப்பலூர் சிட்கோவில் ஷிப்ட் பார்க்கும் ஒரு இளைஞர், வேலையை விடாமலே ராணுவ உடை போட முடியுமா? முடியும். ஆனால் சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கணும்.

எப்போது தொடங்கியது?

பிரிட்டிஷ் ஆட்சியில் 1920-ல் வந்த சட்டத்தில் இதன் வேர் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் பிராந்திய ராணுவச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ம் தேதி இந்தப் படையை முறைப்படி தொடங்கி வைத்தவர் ஒரு தமிழர்: அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. இன்றும் அந்த நாள்தான் பிராந்திய ராணுவ தினம். 1962, 1965, 1971 போர்களில் இந்தப் படையினர் பங்கேற்றிருக்கிறார்கள்.

நம்ம ஊர் பட்டாலியன் எது?

கோவையில் இருப்பது 110-வது பட்டாலியன். வயநாட்டுக்குப் போன 122-வது பட்டாலியன் கேரளாவில் இருக்கிறது. இரண்டுமே மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவை. திருச்சியில் உள்ள 117-வது பட்டாலியன் கார்ட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தது.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வரலாறு 1758 வரை போகிறது. சென்னையைப் பிடிக்க பிரெஞ்சுப் படை வந்த காலம் அது. அதை எதிர்க்க உள்ளூர் சிப்பாய்களை வைத்து பிரிட்டிஷார் பட்டாலியன்களை உருவாக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளூர் ஆட்களுக்கு ஐரோப்பிய பாணியில் பயிற்சி கொடுக்கும் முறையை இங்கே முதலில் பெரிய அளவில் செய்து காட்டியதே புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள்தான்!

இந்த ரெஜிமென்ட்டின் போர் முழக்கம் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’. தமிழருக்கும் மலையாளிக்கும் அர்த்தம் சொல்லவே தேவையில்லை.

தாய்மொழி பேசும் படை வேறு எங்கே?

கனடாவில் ஆங்கிலம் பேசுபவர்கள் பெரும்பான்மை. ஆனால் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில், பிரெஞ்சிலேயே இயங்கும் ரிசர்வ் காலாட்படைகள் உண்டு. மாண்ட்ரியலில் 1869-ல் உருவான ‘ஃபியூசிலியே மோன் ரோயால்’ அதில் ஒன்று. வார நாட்களில் வேலை, படிப்பு. மற்ற நேரத்தில் பயிற்சி.

இது பொழுதுபோக்குப் படை அல்ல என்பதற்கு 1942 ஆகஸ்ட் 19 சாட்சி. இரண்டாம் உலகப் போரில், பிரான்சின் டியப் கடற்கரைத் தாக்குதலுக்கு இந்த ரெஜிமென்ட்டில் இருந்து 584 பேர் போனார்கள். இங்கிலாந்து திரும்பியவர்கள் 125 பேர்தான். மற்றவர்கள் இறந்தார்கள் அல்லது சிறைபிடிக்கப்பட்டார்கள்.

யார் சேரலாம்?

வயது 18 முதல் 42 வரை. வழக்கமான ராணுவத்தில் வயது வரம்பைத் தாண்டியவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. அதிகாரியாகச் சேர பட்டம் வேண்டும், சொந்தமாக வருமானமும் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை உண்டு. பொதுப்பணி சிப்பாய்க்கு 10-ம் வகுப்பு தேர்ச்சி தேவை. ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டம் உள்ளிட்ட உடல்தகுதித் தேர்வும் இருக்கும். 2024 நவம்பரில் கோவையில் அப்படி ஒரு முகாம் நடந்தது.

சம்பளம், பென்ஷன் உண்டா?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். பிராந்திய ராணுவம் முழுநேர வேலை அல்ல. ஆண்டுக்குச் சுமார் 2 மாதம் பயிற்சி. பயிற்சியில் அல்லது பணியில் இருக்கும் நாட்களுக்கு மட்டும்தான் ராணுவச் சம்பளம். பென்ஷன் வேண்டுமென்றால், பணிக்கு அழைக்கப்பட்டு வேலை பார்த்த காலம் மட்டும் சிப்பாய்க்கு 15 ஆண்டு, அதிகாரிக்கு 20 ஆண்டு சேர வேண்டும்.

‘ராணுவத்துக்குப் போய்ட்டு வந்தா கம்பெனியில வேலை இருக்குமா?’ என்று கேட்கலாம். திரும்பி வருபவரை மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும் என்று 1948 சட்டம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால், சேரும் முன்பே நிர்வாகத்திடம் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நிஜமாகவே அழைப்பார்களா?

அழைப்பார்கள். 2025 மே மாதம் ‘ஆபரேஷன் சிந்தூர்’ நேரத்தில், பிராந்திய ராணுவத்தினர் எல்லோரையும் தேவைப்பட்டால் அழைக்க ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது. மொத்தமுள்ள 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ பணியில் இறக்கவும் ஒப்புதல் தந்தது.

எனவே அரசு வேலை என்று நினைத்து விண்ணப்பித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கையில் ஒரு வேலை இருக்கிறது, கூப்பிட்டால் போகத் தயார், வீட்டிலும் சம்மதம் என்பவர்களுக்கு இது சரியான இடம். பிராந்திய ராணுவத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வரும் அறிவிப்பைப் பார்த்து மட்டும் விண்ணப்பியுங்கள். இடைத்தரகர் யாராவது பணம் கேட்டால், ஒரு ரூபாய்கூட கொடுக்காதீர்கள்.