பாஸ்புக்கில் ஏறாத நிலம்

பணமில்லை என்பதற்காக எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்காக அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 39ஏ பிரிவு. 1976-ல் 42-வது திருத்தம் இதைச் சேர்த்தது. இதை நடைமுறைப்படுத்தும் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்றுதான் அமலுக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்றாலும் இந்த உதவியைப் பெறலாம். வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், ஆவண நகல் செலவு எல்லாம் இதில் அடங்கும்.

அடிமட்டத்தில் இயங்கும் தொண்டு நிறுவனங்களின் துணையைத் தேடிப் பெற வேண்டும் என்று இதே சட்டம் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தைப் பணிக்கிறது. இது அவசியமான ஏற்பாடு. ஏழைகளின் சிவில் சிக்கல்களில் பெரும்பாலானவை நீதிமன்ற வாசலுக்கே வருவதில்லை. தனக்கு நேர்ந்திருப்பது சட்டத்தால் தீரக்கூடிய சிக்கல் என்று ஒருவர் அறிவதற்கே பக்கத்தில் ஒரு துணை வேண்டியிருக்கிறது.

நகரி போன்ற ஆந்திர-தமிழக எல்லை ஊர்களில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நகரி ஆந்திரத்திலேயே நின்றது. இங்கே வீட்டில் தமிழ் பேசுகிற பல குடும்பங்களின் நில ஆவணங்கள் தெலுங்கில் இருக்கின்றன. அடங்கலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவும் பிறர் உதவியை நாட வேண்டியிருந்தால், மண்டல் அலுவலகத்தில் உரிமை கேட்பது எளிதல்ல.

நிலச் சிக்கலுக்கு ஆந்திரம் கண்ட ஒரு வழி கவனத்துக்குரியது. 2000-ல் ‘வெலுகு’ வறுமை ஒழிப்புத் திட்டம் தொடங்கிய ஆறு மாவட்டங்களில் நகரி இருந்த சித்தூரும் ஒன்று. அதை நடத்திய ‘செர்ப்’ அமைப்பு, அரசே உருவாக்கிப் பதிவுசெய்த சங்கம். அதன் துணையோடு ஊர்தோறும் பெண்களின் சுய உதவிக் குழுக் கூட்டமைப்புகள் வளர்ந்தன. பின்னர் இந்தப் பணி ‘இந்திரா கிராந்தி பதம்’ என்ற பெயரில் தொடர்ந்தபோது, இன்று லாண்டெசா என்று அழைக்கப்படும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஒத்துழைப்போடு நில உரிமைப் பிரிவு விரிவடைந்தது.

கிராமத்து இளைஞர்களுக்கு நிலச் சட்டமும் வருவாய்ப் பதிவேடுகளும் கற்றுத்தரப்பட்டன. பாராலீகல் என்று அழைக்கப்பட்ட இவர்கள், யார் எந்த நிலத்தில் பயிரிடுகிறார், பட்டா யார் பெயரில் இருக்கிறது, நில உரிமைப் புத்தகமான பட்டாதாரர் பாஸ்புக் வந்ததா என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எடுத்தார்கள். நில அளவை பழகிய இளைஞர்கள் எல்லையை அளந்து காட்டினார்கள். சிக்கலான கோப்புகளைச் சட்டம் படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வெளிவந்த சிக்கல்கள் பழையவை. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய ‘சாதா பைனாமா’ நிலத்தை 1971-ம் ஆண்டு பட்டாதாரர் பாஸ்புக் சட்டத்தின் கீழ் முறைப்படுத்த வழி உண்டு. நிலமற்றோருக்கு அரசு ஒப்படைத்த நிலத்தை வேறொருவர் வாங்கியிருந்தால், அன்றைய நிலையில் 1977-ம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கைமாற்றம் பொதுவாகச் செல்லாது. இவற்றில் பலவற்றைத் தாசில்தார், வருவாய்க் கோட்டாட்சியர் மட்டத்திலேயே தீர்க்கலாம். வழக்கறிஞரைத் தேடி நகரத்துக்கு அலைவதைவிட ஊருக்குள் ஒரு பாராலீகல் இருப்பது இங்கே பெரிய உதவி. இந்தியாவில் சட்ட உதவி பற்றிய பேச்சில் இந்த அனுபவத்துக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

வேறு சில சட்டங்களும் தொண்டு நிறுவனங்களுக்கு நேரடி இடம் தருகின்றன. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் ‘சேவை வழங்குநர்’ என்று பதிவுபெற்ற அமைப்பு, பாதிக்கப்பட்ட பெண் விரும்பினால், நடந்ததை அறிக்கையாகப் பதிவுசெய்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம். நுகர்வோருக்காக நுகர்வோர் சங்கமே புகார் தொடுக்கலாம்.

மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அங்கே எட்டும் சமரசம் சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. எழுதியிருப்பதைத் தன் மொழியில் முழுதாகக் கேட்டுப் புரிந்துகொள்ளாமல் யாரும் அங்கே கையெழுத்திடக் கூடாது. சட்ட உதவி தேவைப்படுவோர் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம்.