பயிற்சி ஆசிரியரிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன?

பி.எட். படிப்பு 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரங்கள் பள்ளியில் கழிய வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த விதி: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. பாடக்குறிப்பு எழுதுவதும், வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பை உற்றுநோக்குவதும், துணைக்கருவி செய்வதும் இந்த வாரங்களில்தான். பதிவேட்டைப் பார்த்து மதிப்பெண் போட இவை வசதியானவை. மனப்பாங்குக்கு அப்படி மதிப்பெண் போட முடியாது. சட்டம் ஆசிரியரிடம் கேட்பதில் பெரும்பகுதியோ அதைப் பொறுத்தது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. நேரந்தவறாமை, பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடித்தல், பின்தங்கும் குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பித்தல், பெற்றோரைத் தவறாமல் சந்தித்து வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவித்தல். தனிப்பயிற்சி எடுக்கக் கூடாது என்கிறது 28ஆம் பிரிவு.

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கூனிமேடு போன்ற ஊரில் பெற்றோர் சந்திப்புதான் கடினமான கடமை. உப்பள வேலை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டியது. பாத்தியில் விளைந்ததை வாரிக் கரையேற்றும் நேரத்தில் பள்ளியில் கூட்டம் வைத்தால், ஒரு நாள் கூலியை விட்டுத்தான் தாய் வர முடியும். மழைக்காலத்தில் உப்பள வேலையே இல்லை. மீனவர் வீடுகளிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். சந்திப்பு நாளைக் குறிக்கும்போது இவையும் கணக்கில் வர வேண்டும். வராத பெற்றோரை அக்கறையற்றவர் என்று குறித்துவிட்டு நகர்வது சுலபம். மாலையில் தெருவுக்குப் போய், பிள்ளை ஏன் மூன்று நாளாக வரவில்லை என்று விசாரிப்பவர் 24ஆம் பிரிவைப் புரிந்துகொண்டவர். குடியிருப்புக்கே போவது இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல: தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பள்ளி முடிந்தபின் குடியிருப்புக்குள்ளேயே தன்னார்வலர்கள் பாடம் எடுத்தார்கள்.

சில வரம்புகளில் பேரத்துக்கே இடமில்லை. அடிப்பது மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதும் 17ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. 'உப்பளத்துக்கே போ' என்று வகுப்பில் கேலி பேசுவது இதற்குள் அடங்காது என்று வாதிடுவது சிரமம். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தது தெரியவந்தால் காவல் துறையிடம் தெரிவிப்பதை 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு எல்லோருக்கும் கடமையாக்குகிறது. பயிற்சியில் இருப்பவருக்கும் விலக்கில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லியாயிற்று என்று அதோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது.

இந்தப் பண்புகளைப் பணிக்கு முன் சோதிக்கும் தனித் தேர்வு ஏதும் இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தல் முறைக்கும் 30. அவையும் கொள்குறி வினாக்கள்.