பட்டமும் பதக்கமும் – 9: தத்தனூராரின் பெயர் என்ன?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் குடவோலைக் கல்வெட்டைத்தான் தேடுவார்கள். நானும் அதற்காகத்தான் போனேன். சாய்வெயில் பட்டால்தான் அந்தக் கருங்கல் சுவரில் எழுத்துகள் துலங்கும்; உச்சிப் பொழுதில் போனால் வெறும் சுவர். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். தத்தனூர் மூவேந்தவேளான்.

முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சபை முடிவு செய்தபோது, அரசாணைப்படி உடனிருந்த அதிகாரி இவர். தத்தனூர் என்பது ஊர். மூவேந்தவேளான் என்பது சோழ அரசு தந்த பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர்? அது கல்லில் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து விதிகளைத் திருத்தியபோது வந்திருந்தவர் கரஞ்சை கொண்டயக் கிரமவித்த பட்டனாகிய சோமாசிபெருமான். அவருக்குப் பெயரும் சிறப்பும் சேர்ந்தே வெட்டப்பட்டிருக்கின்றன. தத்தனூராருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பட்டம் என்றாலே நெற்றியில் கட்டும் பொன் தகடுதான். பட்டம் கட்டுவது என்று இன்றும் சொல்கிறோமே, அது அங்கிருந்து வந்த வழக்கு. படைத்தலைவனுக்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும், வணிகனுக்கு எட்டிப் பட்டமும் பொற்பூவும், ஆடல்மகளுக்குத் தலைக்கோலி. தஞ்சைப் பெரிய கோயிலின் தச்சர் குஞ்சரமல்லனுக்கோ ராஜராஜன் பெயரே பட்டமாயிற்று: ராஜராஜப் பெருந்தச்சன்.

மன்னர் பெயரில் சிறப்புச் செய்வது சோழரோடு நிற்கவில்லை. கிரேக்கத்தில் 1974 வாக்கெடுப்போடு முடியாட்சி போனது. மன்னர் முதலாம் ஜார்ஜ் பெயரில் இருந்த விருதும் கூடவே போய், 1975-இல் அந்த இடத்துக்குக் கௌரவ விருது வந்தது. மொத்தம் ஐந்து படிகள். நட்சத்திரத்தின் நடுவில் ஏதீனா தேவியின் தலை; நேர்மையாளருக்கே மதிப்பு என்ற பொருளில் ஒரு வாசகம். 2023 ஆகஸ்டில் ஏதென்ஸில் பிரதமர் மோடிக்கு அளித்தது இதன் உயர்ந்த படி.

அந்த வாசகம் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டை எனக்கு நினைவூட்டியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் உறவினர் பெயரையும் இடக்கூடாது. நேர்மைக்கு இதைவிடக் கறாரான சோதனையை நான் படித்ததில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்கிறது. 1954-இல் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன் மூவருக்கும் முதல் பாரத ரத்னா. இன்று அது அரச இலை வடிவ வெண்கலம். நடுவே கதிர் விரிக்கும் சூரியன். இது பட்டமாகாதா என்று வழக்குப் போனது. விருது செல்லும், ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. தத்தனூரார் காலத்தில் அப்படியொரு தீர்ப்பு இருந்திருந்தால், அவர் பெயரைச் சொல்லியே இந்த வாரத்தைத் தொடங்கியிருப்பேன்.

(தொடரும்)