மண் வாங்கிக்கொள்ளும் குதிரைத்திறன்

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே மண்தரையோ புல்தரையோ கிடைத்தால் போதும், வாரக் கடைசியில் அங்கே ஒரு ரேலிகிராஸ் நடத்திவிடுகிறார்கள். ஆரஞ்சு நிறக் கூம்புகளை நட்டு, வளைந்து வளைந்து போகும் பாதை ஒன்றைப் போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கூம்பைத் தட்டினால் 2 விநாடி அபராதம், ஒரு வாயிலைத் தவறவிட்டால் 10 விநாடி. ஹெல்மெட் கட்டாயம். மற்றபடி அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் காரையே கொண்டுவரலாம். 1944-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்காவின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லா ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டிக் கணக்கிடும் விதி. சிறந்த ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சொதப்பியதை மறந்துவிட முடியாது.

இந்தப் பெயரில் முதலில் நடந்த பந்தயம் வேறு மாதிரி. 1967 பிப்ரவரி 4-ல், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து லிட்டன் ஹில்லில், தொலைக்காட்சிக்காகவே நடத்தினார்கள். பல கார்கள் ஒன்றாகப் பாய்ந்தன. விக் எல்ஃபோர்ட் போர்ஷே 911-ல் வென்றார். ஐரோப்பாவில் இன்றும் அப்படித்தான், கதவோடு கதவு உரச ஓடுகிறார்கள். அமெரிக்க அமெச்சூர்களுடையது சாதுவான விளையாட்டு. ஆனால் இயற்பியல் இரண்டுக்கும் ஒன்றே.

முப்பது வயதைத் தாண்டிய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் தலைமுறை, முன்சக்கர இழுவை. கணக்கு எளிதாக வர, ஓட்டுநரோடு சேர்த்து எடை 1,000 கிலோ என்றும் அதில் 600 கிலோ முன்சக்கரங்கள் மேல் என்றும் வைப்போம். சரளை மண்ணின் உராய்வுக் குணகத்தை 0.5 என்று கொண்டால், முன்சக்கரங்கள் தரையைத் தள்ளக்கூடிய உச்ச விசை சுமார் 2,940 நியூட்டன். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இந்த விசைக்குத் தேவைப்படும் திறன் 29.4 கிலோவாட். ஏறத்தாழ 40 குதிரைத்திறன். அந்த வேகத்தில் அதற்குமேல் எஞ்சின் கொடுப்பதெல்லாம் சக்கரத்தைச் சுழலவிட்டுப் புழுதி கிளப்பத்தான் உதவும். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும் பந்தயத்துக்கு, 90 குதிரைத்திறன் அளவிலான பழைய எஞ்சின் தாராளம். டர்போ மாட்டச் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமே வருகிறது.

வளைவிலும் அதே கஞ்சத்தனம். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில், உராய்வுக் குணகம் 0.9 உள்ள தார்ச்சாலை மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர் வரை விடும். மண் 36-லேயே கையை விரித்துவிடும். ஸ்டீயரிங்கை மேலும் ஒடித்தால் திரும்பிவிடும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். முன்டயர்களின் பிடிமானம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. ஒடிக்க ஒடிக்க அவை பக்கவாட்டில் மண்ணை உழுதுகொண்டு நேராகவே போகும்.

அப்போது கைகொடுப்பது எடை இடம்மாறுவது. பிரேக் போடும்போது காரின் பாரம் முன்னோக்கிச் சாயும். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு: வேகம் குறையும் வீதம், புவியீர்ப்பு மையத்தின் உயரம், இரு அச்சுகளின் இடைவெளி, காரின் எடையோடு இந்த மூன்றும் தெரிந்தால் போதும். நம் கோல்ஃபில் அச்சு இடைவெளி சுமார் 2.5 மீட்டர், மைய உயரத்தை அரை மீட்டர் என்று கொண்டால், 0.5 ஜி அளவு பிரேக்கிங்கில் 100 கிலோ பாரம் பின்னாலிருந்து முன்னால் வருகிறது. முன்னால் 700, பின்னால் 300. வளைவுக்குள் நுழையும் அந்தக் கணத்தில் முன்டயர்கள் கடிக்கும், பின்பக்கம் லேசாகி வெளியே வழுக்கும், மூக்கு உள்ளே திரும்பும்.

சுவீடனின் எரிக் கார்ல்சன் இதை ஒரு கலையாகவே வளர்த்தார். அவருடைய சாப் 96 வெறும் 841 சிசி, மூன்று சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். சுழற்சி குறைந்தால் அந்த எஞ்சின் சோர்ந்துவிடும். ஆகவே வலதுகாலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்காமலே இடதுகாலால் பிரேக்கை மிதித்தார். எஞ்சின் இழுப்பதால் முன்சக்கரங்கள் உருண்டுகொண்டே இருக்கும்; இழுவை இல்லாத பின்சக்கரங்கள் முதலில் தடுமாறி வழுக்கும். பின்பக்கத்தைத் திருப்ப இதைவிட மலிவான கருவி கிடையாது. இங்கிலாந்தின் ஆர்ஏசி ரேலியை 1960, 61, 62 என மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றார், அந்தக் குட்டிக் காரில்.

இன்றைய புதிய காரில் இதை முயன்றால் கணினி குறுக்கே வரும். அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். பல கார்களில் பிரேக்கை மிதித்ததும் எஞ்சினை அடக்கிவிடுகிறார்கள். ஹேண்ட்பிரேக் ஒரு பொத்தானாகிவிட்டது. பழைய காரில் கேபிள் இருக்கிறது, இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஏபிஎஸ் கூடச் சரளையில் நிற்கும் தூரத்தை நீட்டக்கூடும். பூட்டிக்கொண்ட சக்கரத்தின் முன்னால் சரளை குவியும், மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல் மாதிரி. ஏபிஎஸ் சக்கரத்தை விட்டுவிட்டு உருட்டுவதால் அந்தக் குவியலின் மேலேறிப் போய்விடுகிறது. விதி அனுமதிக்கிற பிரிவுகளில் அதன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. வீடு திரும்புமுன் திரும்பப் போட்டுவிட வேண்டும். சாலையில் அது உயிர்காக்கும் கருவி.

எனவே பழைய கார் என்பது இங்கே குறையல்ல, அதன் துருதான் குறை. இரும்பு துருவாக மாறும்போது பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. இரு தகடுகள் சேரும் இடுக்கில் புகுந்தால் பற்றவைத்த புள்ளிகளையே நெம்பிப் பிரித்துவிடும். மேலே புட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சஸ்பென்ஷன் சேரும் இடம், சீட்பெல்ட் போல்ட் இறங்கும் இடம், அடித்தளம் எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மொத்தென்று அமுங்கும். அங்கே அமுங்கினால் அந்தக் காரை வாங்காமல் வந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது ரப்பர். சஸ்பென்ஷன் புஷ்கள் ஓடாமல் நின்றாலும் கிழடாகும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் போதும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு விதி கேட்பதே 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி புகும், பெடல் தரைவரை இறங்கும். பழையதை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற ஆகும் செலவு, ஒரு டயரின் விலைகூட இல்லை. எஞ்சின் அடியில் ஒரு கனத்த தகடு, ஆயில் சம்ப்பைக் கல்லிலிருந்து காக்க. புதிய ஏர் ஃபில்டர், ஏனென்றால் புழுதியில் குவார்ட்ஸ் துகள் உண்டு, அது உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துத் தீர்த்துவிடும்.

ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது தார்ச்சாலை மோகம். மண்ணுக்கு உயரமும் மென்மையும் வேண்டும். குழியில் சக்கரம் துள்ளி அந்தரத்தில் இருக்கும் நேரமெல்லாம் பிடிமானம் பூஜ்யம். மென்மையான ஸ்பிரிங், நல்ல ஷாக் அப்சார்பர் இருந்தால் டயர் தரையோடு ஒட்டிப் போகும். டயரும் அகலம் குறைந்ததாக, ஆழமான கட்டைகள் உள்ளதாக இருந்தால் தளர்ந்த மேல்மண்ணைக் கிழித்துக் கீழேயுள்ள கெட்டித்தரையைத் தொடும். பனிக்கால டயர்களைப் பலர் கோடையிலும் மாட்டி ஓட்டுவது அதனால்தான். பகல் ஏற ஏறப் பாதையும் மாறும்: காலையில் பரவிக் கிடந்த சரளை ஓரம் ஒதுங்கிவிடும், சக்கரத் தடங்கள் ஆழமாகும், பக்கவாட்டில் வழுக்கும் டயரின் விளிம்பு அந்தத் தடத்தில் சிக்கி ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். அந்தப் பயத்தால் காற்றைச் சற்றுக் கூட்டுவார்கள். நேரங்களைக் கூட்டும் விதியில் ஒரு டயர் கழன்றாலே அன்றைய கணக்கு முடிந்தது.

பந்தயம் முடிந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டீயரிங் கைகளை உதறுவது வழக்கமான காட்சி. ஏதோ வளைந்துவிட்டது என்று அஞ்சுவார்கள். பெரும்பாலும் காரணம் ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்த சேறு. 14 அங்குல ரிம்மில் 100 கிராம் சேறு ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால் போதும், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 15 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை இழுக்கும், விநாடிக்குச் சுமார் 15 தடவை. வீல் பேலன்சிங் கடையைத் தேடுமுன், வழியிலுள்ள கார் கழுவும் இடத்தில் சக்கரத்தின் உட்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் புறப்படலாம்.