மேனாட்டு இசைக் குறியீட்டில் மும்மைத் தொகுதிகள்

சுருதியைத் தாயென்றும் இலயத்தைத் தந்தையென்றும் போற்றுதல் நம் இசைவாணர் மரபு. இலயத்தைக் கையாலும் நாவாலும் பயிலலாம். ஏட்டில் எழுதிக் காட்டுதலோ அரிது. அடிக்காலத்தை மூன்றாகவும் ஐந்தாகவும் பகுத்தெழுதுதற்கு மேனாட்டார் கைக்கொண்ட கருவிகள் இரண்டு. ஒன்று கோடு; மற்றொன்று எண். இவ்விரண்டின் தொழிலும் வெவ்வேறு என்பதை உணராதார் தாளம் வழுவுதல் திண்ணம். அவ்வேறுபாட்டினை ஈண்டு ஆராய்வாம்.

மேனாட்டுச் சுரங்களின் கால அளவு பாதி பாதியாகக் குறைவது. முழுச் சுரம் அரையாகும், அரை காலாகும், கால் அரைக்காலாகும், அரைக்கால் வீசமென நாம் வழங்கும் பதினாறிலொன்றாகும். செருமானியரும் இவ்வாறே பின்னங்களாற் பெயரிடுவர். ஆங்கிலேயர் கால் சுரத்தைக் குறொச்செற் என்றும் அரைக்காலைக் குவேவர் என்றும் அழைப்பர். தனித்து நிற்கும் அரைக்கால் சுரத்தின் காம்பில் ஒரு கொடி தொங்கும். பல சேர்ந்து வருமிடத்துக் கொடிகளை நீக்கிக் காம்புகளைத் தடித்த கோடொன்றாற் பிணைப்பர். வீசச் சுரங்களுக்குக் கோடு இரண்டு. ஓரடியில் அடங்குவன இவை என்று கண்ணுக்குக் காட்டுதலே இப்பிணைகோட்டின் தொழில்.

இவ்வேணியில் மூன்றிலொன்று என்னும் படி இல்லை. ஆதலின், கால் சுரத்தை ஓரடியாகக் கொள்ளும் தாளத்தில், மூன்று அரைக்கால் சுரங்களை ஒன்றாகப் பிணைத்து அவற்றின்மேல் 3 என்னும் எண்ணை இடுவர். இரண்டின் காலத்தில் மூன்று என்பது அதன் பொருள். எண் இல்லையாயின் அம்மூன்றும் ஒன்றரை அடியாகிவிடும். பிணைகோடு தொகுக்கும், எண்ணே காலத்தைச் சுருக்கும். ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை நான்கு வீசங்களின் இடத்திற் புகுதலின் இரு கோடுகளாற் பிணைக்கப்படும். ஒன்பது சுரங்கள் எட்டின் இடத்திற் புகுதலின் கோடு மூன்றாகும். கோடு பெறாத கால் சுரங்கள் மும்மையாக வரின், பகர அடைப்பொன்றால் அவற்றைத் தொகுத்து எண்ணிடுவர். அடியே இயல்பாக மூன்றாகப் பிரியும் தாளங்களிலோ மும்மைக்கு எண் வேண்டுவதில்லை. அங்கே மூன்றின் காலத்தில் இரண்டு வரும்பொழுதே 2 என்று குறித்தல் வேண்டும்.

நம் இசை நூல்களிற் சுரங்களின்மேல் இடப்படும் கோடு வேகத்தை இரட்டிக்கும். மூன்றாகப் பிரியும் நடையைத் திசிரமெனப் பெயரிட்டுக் குறிப்பர். மேனாட்டு எண்ணோ அது நிற்கும் தொகுதியை மாத்திரமே ஆள்வது.

இனி, ஓர் ஐயம் எழும். ஒரு கை மும்மையை வாசிக்க, மறு கையிற் புள்ளியிட்ட அரைக்காலும் அதனையடுத்து வீசமும் வரின், அவ்வீசம் எங்கே விழும்? பிரசிய மன்னன் இரண்டாம் பிரெடெரிக்கின் அரசவையிற் பணிபுரிந்த இருவரே இதில் மாறுபட்டனர். குவான்ற்சு 1752 இல் வெளியிட்ட புல்லாங்குழல் நூலில், அது மும்மையின் மூன்றாஞ் சுரத்திற்குப் பின்னரே ஒலித்தல் வேண்டும் என்றார். கார்ல் பிலிப் இமானுவேல் பாக் 1753 இல் வெளியிட்ட நூலிலோ, அதனை மூன்றாஞ் சுரத்தோடு பொருத்திக் காட்டினார்.

பீத்தோவன் 1801 இல் இயற்றியதும், பிறரால் நிலவொளி எனப் பெயரிடப்பட்டதுமான பியானோ சொனாற்றாவின் முதற் பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தொடக்கமுதல் மும்மைகள் இடையறாது ஓட, சில அளவைகள் சென்றபின் அவற்றின்மேல் அவ்வையத்துக்கிடமான சுர அமைப்போடு இன்னிசை எழுகின்றது. கால் சுரமொன்றின் காலத்தைப் 12 கூறாக்கின், மும்மையின் மூன்றாஞ் சுரம் 8 கூறு கழிந்தபின் தொடங்கும். வீசம் 9 கூறு கழிந்தபின் தொடங்கும். இடையிலுள்ளது பன்னிரண்டில் ஒரு கூறே. அதனை விடுத்து இரண்டையும் ஒருங்கே ஒலித்தால், இன்னிசை தனிக்குரலாக நில்லாது மும்மையுள் மறைந்துவிடும். பீத்தோவனின் மாணாக்கராகிய செர்னி, வீசத்தை மும்மையின் இறுதிச் சுரத்திற்குப் பின்னரே வாசித்தல் வேண்டுமென எழுதி வைத்துள்ளார்.

எனவே, கோடு கண்ணுக்கு வழிகாட்டும். எண் கணக்கினை உணர்த்தும். இரண்டும் ஐயந் தருமிடத்து ஆசிரியர்வழி வந்த மரபே முடிவு கூறும். ஏடு எத்துணைத் திருத்தமுற்றதாயினும், குருவின்பாற் கேட்டறிதல் எவ்விசைக்கும் இன்றியமையாததென்பது இதனாற் பெறப்படும்.